கயிறு கட்டிய இருபத்தாறு வருடம்

வெள்ளி காலை 7.15. சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் மழை. சூரிச்சில் வண்டி மாறிப் பீல் நகருக்குப் போக இரண்டு மணி நேரம். அரைக் கட்டண அட்டை இருந்தும் முப்பது பிராங்குக்கு மேல் போயிற்று. ஈராக்கிய நாவலாசிரியர் ஹபீபைப் பார்க்கப் போகிறேன். அவருடைய கதையொன்றை ஜெர்மன் வழியாகத் தமிழாக்கியதில் தொடங்கிய பழக்கம்.

இரண்டு நாவல்களும் தடையாகி எரிக்கப்பட்டபின் நாட்டைவிட்டு வந்தவர். கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே ஜெர்மன் நூல்களை அரபுக்குப் பெயர்த்தார். சமையலறை மேசையிலிருந்து இருபத்தாறு வருடம் ஓர் அரபு இலக்கிய இதழையும் நடத்தினார். அதன் முழுத் தொகுதி உலகத்திலேயே அவரிடம் மட்டுந்தான் உண்டு. திங்களன்று முதியோர் இல்லம் போகிறார், அங்கே இதழ்களுக்கு இடமில்லை. நூலகமொன்று ஏற்கச் சம்மதித்திருந்தது. நூலக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

9.40. வாசலில் துடைப்பத்தோடு நின்றவர் நம்மவர். கட்டடத்தைத் துப்புரவாக்கும் மலர் அக்கா.

"ஹபீப் ஐயாட்டையோ வாறியள்? பாவம், பழைய பேப்பரெல்லாம் கயிறு கட்டிக் கதவடியிலை வைச்சிருந்தவர். இண்டைக்குப் பேப்பர் எடுக்கிற நாளெல்லோ. அவராலை ஏலாதெண்டு நான்தான் நாலு மாடியும் ஆறு தரம் ஏறி இறங்கி றோட்டிலை வைச்சனான்."

"இப்ப எங்கை அக்கா?"

"எட்டு மணிக்கே லொறி ஏத்திட்டுது."

இந்த நாட்டில் கயிறு கட்டி வைத்த தாள் என்றால் கழிவு. தூக்க வசதியாகக் கட்டி வெளியே வையுங்கள் என்று ஹபீபுக்குச் சொன்னவன் நான். முப்பது வருடம் இங்கே குப்பை கொட்டியும் என் மண்டையில் அது உறைக்கவில்லை. லொறிக்காரரின் எண்ணைத் தேடிப் பேசினேன். எல்லாவற்றையும் நசுக்கியாயிற்று என்றார்.

விஷயம் புரிந்ததும் அக்கா படியில் குந்திவிட்டார். "ஐயாவின்ரை முகத்தை எப்பிடித் தம்பி பாக்கிறது?" என்றவர், பிறகு என் பின்னாலேயே ஏறி வந்தார்.

10.15. ஹபீப் தேநீர் வைத்துக் காத்திருந்தார். நடந்ததை ஜெர்மனில் சொல்லி முடித்தேன்.

"என் நாவல்களை எரித்தவன்கூட வாசித்துவிட்டுத்தான் எரித்தான்" என்றார்.

பீலில் ஜெர்மனும் பிரெஞ்சும் புழங்கும்; அக்காவுக்குப் பிரெஞ்சுதான் தெரியும். "என்னவாம் தம்பி?"

"உங்களிலை கோவமில்லையாம்."

மொழிபெயர்ப்பாளன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். வெட்கமாக இருந்தது. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ஹபீபுக்கு விளங்கியிருக்க வேண்டும். எனக்கு ஊற்றிய தேநீரை எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

மாலை 4.30. வீட்டுக்கு வந்ததும் நிலவறைக்குப் போய், நான் நடத்தி நின்றுபோன சிற்றிதழின் கட்டுகளிலிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். இதழ்கள் சரிந்து தரையெல்லாம் பரவின. மனைவி படியில் நின்று பார்த்தாள்.

"உதுகளை ஆருக்கெண்டு வைச்சிருக்கிறியள்?"