நடுவில் நின்றவள்

குடிநீர் புகார் பிரிவில் பன்னிரண்டு வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவளைப் பற்றிச் சொல்கிறேன். ஆபீசில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அவள் குடியிருந்த கட்டடத்தில் சின்ன வயதிலிருந்தே எல்லோரும் அவளைத் 'தபால்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயர் வந்த கதை இது. அவளுக்கு எட்டு வயது. அப்பா பஸ் டிரைவர். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவர். ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு போன் வந்தது. அம்மாவின் தகப்பனாருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, உடனே புறப்பட்டு வரவேண்டும் என்றார்கள். எடுத்தவர் அப்பா. அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து தட்டில் கை வைத்திருந்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அப்பா நினைத்தார். முடித்ததும் அம்மா கண்ணயர்ந்துவிட்டார். எழட்டும் என்று நினைத்தார். அதற்குள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ராத்திரி திரும்பி வந்து சொன்னபோது கடைசி ரயிலும் போய்விட்டது. அம்மா போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "ஏன் அப்பவே சொல்லல?"

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சொல்லியிருந்தா மட்டும் உங்கப்பா பொழைச்சிருப்பாரா?"

அந்த மனிதர் கெட்டவர் இல்லை என்பாள் என் தோழி. குற்றம் குத்தியதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். ஆனால் நாக்குக்கு நரம்பில்லை, காதுக்கு மறதி இல்லை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு அம்மா அவரிடம் ஒரு சொல் பேசவில்லை. முதல் வாரம் அப்பா பேசிப் பார்த்தார். இரண்டாவது வாரம் அவருக்கும் ரோஷம் வந்தது. வீட்டில் மீதியிருந்தது எட்டு வயதுப் பெண் ஒருத்திதான்.

"உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"பசியில்லன்னு சொல்லு."

இரண்டு அறை, ஒரு சமையலறை. ஒருவர் முனகினாலே மற்றவருக்குக் கேட்கும். இருந்தாலும் அவள் போய்ச் சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "உப்பு எங்கன்னு கேளு" என்பார் அப்பா. உப்பு அம்மாவின் கைக்குக் கீழே இருக்கும். இவள் கேட்பாள், அம்மா இவளிடம் கொடுப்பார், இவள் அப்பாவிடம் கொடுப்பாள்.

ஆரம்பத்தில் சொன்னதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்த இடத்தில் தட்டு பறந்தது. பத்து வயதுக்குள் விவரம் தெரிந்துவிட்டது.

"அந்த மகராசிகிட்ட சொல்லு, சட்டையில பட்டன் போயி ஒரு வாரமாச்சுன்னு."

"அம்மா, நேரமிருந்தா அப்பாவுக்கு ஒரு பட்டன் தைக்கணுமாம்."

"ஏன், அவருக்குக் கையில்லையா?"

"அப்பா, சாயங்காலம் தைக்கிறேன்னாங்க."

சாயங்காலம் பட்டனைத் தைத்தது இவள். அம்மா தைத்தது மாதிரியே அப்பா போட்டுக்கொண்டு போனார். இப்படியே ஒரு குடும்பம் ஓடியது. பார்க்கிறவர்கள், "பேசாட்டியும் என்ன ஒத்துமை பாரு" என்றார்கள்.

இருபத்தாறு வயதில் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு ஒருவர் வந்தார். மீட்டர் பழுது பார்க்கிறவர், அமைதியான ஆள், அவளுக்கும் பிடித்திருந்தது. அப்பா சரி என்றார். அம்மாவும் சரி என்றார். இரண்டு சரியையும் இவள்தான் மாற்றி மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அன்றைக்கு அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னார். "நீ போயிட்டா இந்த வீட்ல யாரு பேசுவா?"

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இவளே போய் அந்த மனிதரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆபீசில் எங்களுக்கு ஒரு தடவை பயிற்சி வகுப்பு நடந்தது. வந்தவர் பலகையில் இரண்டு வட்டம் போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்தார். "இவர் சொல்றவர், இவர் கேக்கறவர். சொன்னவுடனே பேச்சு முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. கேட்டவர் என்ன புரிஞ்சுக்கிட்டார்னு திருப்பிச் சொல்லணும். அப்பதான் போய்ச் சேர்ந்துச்சுன்னு அர்த்தம். வார்த்தையில பாதிதான் இருக்கு. மீதி குரல்ல இருக்கு, முகத்துல இருக்கு."

இவள் எழுந்து கேட்டாள். "நடுவுல ஒரு ஆள் இருந்தா சார்?"

"ஆள் இருந்தா கெட்டுச்சு. குரலும் போச்சு, முகமும் போச்சு. எதுக்கு ஆளு? நேரா பேச வேண்டியதுதானே."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அன்று மத்தியானம்தான் முதல் முறையாக வீட்டுக் கதையைச் சொன்னாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயதானபோது அப்பாவுக்கு இருதயம் பழுதானது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அம்மா தினமும் வந்தார். கால் அமுக்கினார், முகம் துடைத்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. "வலிக்குதான்னு கேளு" என்பார், வலிக்கிற காலைக் கையில் பிடித்துக்கொண்டே.

ஒன்பதாவது நாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அப்பா மகளைக் கிட்டே கூப்பிட்டார்.

"உங்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் போன் வந்ததுமே நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான். அப்புறம் கேட்டேன் பாரு ஒரு கேள்வி, அதைக் கேட்டிருக்கக் கூடாது. இதைச் சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்களேன்ப்பா. இப்ப வந்துடுவாங்க."

"எனக்கு வராதும்மா. நீ நல்லா சொல்லுவே."

அவள் வராந்தாவில் ஓடினாள். குழாயடியில் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஒரு எழுத்துகூட மாற்றாமல் சொன்னாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து கை வைக்காமல் கொண்டுபோன முதல் பெரிய வார்த்தை அதுதான்.

அம்மா குழாயை மூடினார். "நல்லா இருக்கு. எப்ப யோசிச்சே இதை?"

"அம்மா, சத்தியமா அப்பா சொன்னது. அவர் வாயால சொன்னது."

"பட்டன் தைக்க நேரமிருக்குமான்னு கேட்டாருன்னியே, அது மாதிரியா? சுவத்துக்கு அந்தப் பக்கம் அவர் பேசினது எனக்குக் கேக்காதுன்னு நினைச்சியா? இத்தனை வருஷத்துல எது அவர் பேச்சு, எது உன் பேச்சுன்னு எனக்குத் தெரியாதா? அந்த மனுஷன் இப்படிப் பேசறவர் இல்ல."

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அம்மாவைக் கட்டிலுக்குக் கூட்டி வந்தாள். "அப்பா, இப்பச் சொன்னீங்களே, அதை அம்மாகிட்ட சொல்லுங்க. இங்கதான் இருக்காங்க."

அப்பா மனைவியைப் பார்த்தார். மனைவியும் பார்த்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இருவரும் முகத்துக்கு முகம். அப்பாவின் உதடு அசைந்தது. பிறகு கண்ணை மேலே திருப்பிக்கொண்டார்.

"மாத்திரை வாங்கியாச்சான்னு கேளு" என்றார்.

அம்மா மகளைப் பார்த்த பார்வையில், 'நான்தான் சொன்னேனே' என்பது இருந்தது. இரண்டு நாளில் அப்பா இறந்துபோனார்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டே பேர். நடுவில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. நேராகப் பேசலாம். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா யாரிடமோ போனில், "கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லல அந்த மனுஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. போனை வைத்ததும் போய் எதிரில் நின்றாள்.

"சொன்னார். நீ கேக்கல. நீங்க ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் வாயைத் திறந்து சண்டை போட்டிருந்தா எல்லாம் தீர்ந்திருக்கும். உங்க ரோஷத்துக்கு என்னைத் தீனி போட்டீங்க. எனக்குன்னு ஒரு வீடு இருந்திருக்கும், ஒரு பிள்ளை இருந்திருக்கும்."

இதை அவள்தான் என்னிடம் சொன்னாள். தனக்காக, தன் வார்த்தையில், பூசி மெழுகாமல் அவள் வீட்டில் பேசியது அதுதான் முதல் தடவையாம். அம்மா எழுந்து உள்ளே போனார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மா வேளாவேளைக்குச் சமைக்கிறார், தட்டை மேஜையில் வைக்கிறார், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். இவள் கேட்டால் பதில் வராது. மன்னிப்பும் கேட்டுப் பார்த்தாளாம். அதற்கும் வரவில்லை.

போன வாரம் எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த டீச்சர் கதவைத் தட்டினார். வெட்கத்தோடு நின்றுகொண்டு சொன்னாராம். "தப்பா நினைக்காதீங்க. உங்கம்மாவுக்கு முட்டி வலி ஜாஸ்தியா இருக்காம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக உங்களுக்கு எப்ப ஒழியும்னு கேக்கச் சொன்னாங்க."

அம்மா உள் அறையில்தான் இருந்தார். கதவு திறந்தேதான் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை லீவு போடறேன்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள் இவள்.