மைமூன் ராத்தாவின் புராதனக் குசினி

தொல்லியலுக்குக் கணினி வந்த பிறகு மண்ணில் கை வைப்பவர்கள் குறைந்து, மவுசில் கை வைப்பவர்கள் கூடிவிட்டோம். என்னைப்போல் அரச கந்தோர்க் கதிரையில் தேய்ந்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

ராடர் வண்டி

யுத்தம் முடிந்து சிலாவத்துறைக்குத் திரும்பியவர் மைமூன் ராத்தா. வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்து, தன் காணியில் வேலை தொடங்கினார். வெட்டிய மண்ணில் இரண்டு பழம் பானை வெளிவந்ததுதான் தாமதம், தொல்லியல் திணைக்களத்தார் நாங்கள் பாய்ந்துபோய் வேலையை நிறுத்தினோம்.

நிலத்துக்குள் பார்க்கும் ராடரை அங்குமிங்கும் இழுத்தோம். திரையில் நேர்கோடாக ஒரு சுவர். எங்கள் அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தேத்தண்ணி கொண்டுவந்த ராத்தா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அது எங்கட குசினிச் சுவர், தம்பி. இடம்பெயரேக்க விட்டுட்டுப் போனது."

படிவம்

ராத்தா சொன்னதைக் கணினியில் பதியப் போனேன். 'தகவல் மூலம்' என்ற இடத்தில் ராடர், செய்மதிப் படம், அகழ்வு, நூல் என்று நான்கு தெரிவுகள். காணிக்காரிக்கு இடமில்லை. அதிகாரியிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "உயிரோட இருக்கிற ஆளை ஆதாரமாப் போடேலாது ஐசே, சிஸ்டம் எடுக்காது."

காபன் பரிசோதனை

சுவரைத் தோண்டி, வயது பார்க்கச் சுண்ணாம்பில் ஒரு துண்டை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். மாதக்கணக்கில் பதில் இல்லை. ராத்தா தகரக் கொட்டிலில் மாரியைக் கழித்தார். வாங்கி வைத்த சீமெந்து மூட்டையிலேயே கல்லானது.

முடிவு வந்தது: சுவர் கிறிஸ்துவுக்கு முற்பட்டதாம். அதிகாரி கந்தோர் முழுக்க லட்டு கொடுத்தார். ராத்தாவுக்கும் ஒன்று கொண்டுபோனேன். வாங்காமலே, கிறிஸ்துவைத் தன் வழக்கில் ஈசா நபியாக்கிச் சொன்னார்: "அப்ப என்ட மாமி ஈசா நபிக்கு முந்தியே அதுக்க மீன் பொரிச்சிருக்கிறா."

இரண்டாவது கடிதம்

சந்தேகப்பட்டு ஆய்வுகூடத்துக்குத் திரும்ப எழுதினேன். சுண்ணாம்பு சுட்ட சிப்பி பழையது, அந்த வயதுதான் வந்திருக்கிறது, சுவரின் வயது அதுவல்ல என்று பதில் வந்தது. சிப்பி சுட்டுச் சுவர் கட்டும் கரையில் இதை எவரும் சும்மா சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

வீடு கட்டலாம் என்ற அனுமதிக் கடிதம் கிடைத்தபோது வீட்டுத்திட்டப் பட்டியல் மூடியாகிவிட்டது. தவணைக்குள் கட்டவில்லை என்று ராத்தாவின் பெயரை அதிலிருந்து வெட்டியிருந்தார்கள். எனக்கு முகத்தைக் காட்டவே வெட்கமாக இருந்தது. குழியை மூட ஆட்களோடு போனேன். அவர் பழைய சுவரின்மேல் தகரம் சாத்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மூடாதீங்கோ தம்பி, அத்திவாரம்தான் நீங்களே வெட்டித் தந்திட்டீங்களே."

மண்ணுக்குள் மூன்று முழம் பார்க்கிற கருவி எங்களிடம் இருக்கிறது. மண்ணுக்கு மேலே நிற்கிற ஆளைப் பார்க்கிற கருவிக்குத்தான் இன்னும் விலைமனு கோரவில்லை.