மங்கி குல்லாவும் கற்றல் விளைவும்

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது ஒரு வேலை, அந்தப் பாடத்தால் என்ன விளையப்போகிறது என்று நடத்துவதற்கு முன்பே எழுதிக் கொடுப்பது இன்னொரு வேலை, சம்பளம் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். சாக்பீஸ் பிடித்த கையாலேயே லேப்டாப்பையும் தட்டிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கொல்கத்தாவில் டாலிகஞ்ச் பக்கம் ஒரு ஆங்கிலப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அப்பா வங்கி வேலையாக இங்கே வந்தவர். நான் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகியும் குடியிருப்பது லேக் கார்டன்ஸ் பகுதியில். மகள் பெரியவளாகும் வரை வீட்டில் இருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது திரும்ப வேலைக்குப் போனதால் நான் ஒப்பந்த ஆசிரியை. வருஷக் கடைசியில் நிரந்தரம் ஆக்குவார்கள், இல்லாவிட்டால் ரொம்ப நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயமும் கூடவே இருந்தது.

அந்த வருஷம் பார்த்துத்தான் எங்கள் பள்ளிக்குள் ‘கற்றல் விளைவு’ நுழைந்தது. பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும் என்பதை முதலில் எழுத வேண்டும். அதை எப்படிச் சோதிப்போம் என்பதை அடுத்து எழுத வேண்டும். பாடம் அப்புறம்தான். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க, ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த நியூ டவுனிலிருந்து அர்க்கோ என்று ஓர் இளம் ஆலோசகர் வந்தார். ஜனவரியில் அவர் என் வகுப்பில் வந்து உட்காருவார், அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் என் நிரந்தரம் என்று பிரின்சிபால் மிஸஸ் தத்தா சொல்லிவிட்டார். எங்கள் பேச்செல்லாம் வங்க மொழியும் ஆங்கிலமும் கலந்தது. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

தடை செய்யப்பட்ட சொல்

முதல் கூட்டத்திலேயே அர்க்கோ ஒரு குண்டு போட்டார். ‘மாணவன் புரிந்துகொள்வான்’ என்று இனிமேல் யாரும் எழுதக் கூடாதாம். புரிந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது, அளக்கவும் முடியாது. பட்டியலிடுவான், வரைவான், அளப்பான், விளக்குவான் என்று பார்க்கக்கூடிய காரியமாக எழுத வேண்டும். அன்று முழுக்க எல்லோரும் பழைய திட்டங்களைத் திறந்து ‘புரிந்துகொள்வான்’களைத் தேடித் தேடி அழித்தோம். அழிக்க அழிக்க வந்துகொண்டே இருந்தன. இத்தனை வருஷம் பிள்ளைகள் வேறு எதுவும் செய்யவில்லை போலிருக்கிறது.

என் பக்கத்து நாற்காலி கணக்கு வாத்தியார் சுப்ரோவுடையது. வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் ‘சுப்ரோதா’, அதாவது சுப்ரோ அண்ணன். ஓய்வுபெறும் வயதில் இதெல்லாம் தேவையா என்ற முகத்தோடு கடைசிவரை வாய் திறக்காமல் இருந்தவர், அர்க்கோ வெளியே போனதும் டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

“கண்ணுக்குத் தெரியாததை எழுதக் கூடாதுன்னா ஹேமா, நம்ம இன்க்ரிமென்ட்டைப் பத்தி இனிமே யாரும் மனு எழுத முடியாது.”

தலையை மட்டும் ஆட்டுங்க

அடுத்ததாக மார்க்கை எடுத்துவிட்டார்கள். நூற்றுக்கு இத்தனை என்று போடுவதற்குப் பதிலாக நான்கு படிகள்: தொடக்கம், முன்னேற்றம், எட்டியது, தாண்டியது. கொல்கத்தாவில் ஒரு தாயிடமிருந்து மார்க்கைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று நியூ டவுனில் யாருக்கும் தெரிந்திருக்காது. பெற்றோர் கூட்டத்தில் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர் ரித்தோவின் அம்மா. ரித்தோ என் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரன். கேள்வியை நான் முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவான்.

‘முன்னேற்றம்’ என்ற படியை அந்த அம்மாவிடம் காட்டி, உங்கள் பையன் நீர், நிலம், காற்று எல்லாவற்றையும் விளக்குகிறான், அளப்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறான் என்று பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எல்லாம் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நூற்றுக்கு எத்தனை என்றார். அப்படி எண்ணில் சொல்ல முடியாது என்றேன். எண் தெரியாமல் எதிர் ஃபிளாட் பையனைவிடக் கூடவா குறைச்சலா என்று எப்படித் தெரியும் என்றார். பள்ளி விதி, சொல்லக் கூடாது என்றேன். அவர் திரும்பிப் பார்த்துப் பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க சொல்ல வேணாம் மிஸ். எழுபத்திரண்டான்னு நான் கேக்கறேன், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க.”

சொந்தக் கருத்து

இந்த ஊரில் பள்ளிக்கூடம் என்பது டியூஷனுக்கு நடுவில் பிள்ளைகள் இளைப்பாறும் இடம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு டியூஷன் சார். பரீட்சை வந்தால் அவர் ‘சஜஷன்’ தருவார். எந்தக் கேள்வி வரும், அதற்கு என்ன எழுத வேண்டும் என்று. அந்தச் சஜஷனை உடைக்கத்தான் நான் பூஜை விடுமுறைக்கு முன் நடந்த தேர்வில் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி வைத்தேன். ‘உங்கள் தெருவில் மழைத்தண்ணீர் தேங்குவதற்கு என்ன காரணம்? உன் சொந்தக் கருத்தை எழுது.’ விளைவும் எழுதியாகிவிட்டது: தெருவில் மழைத்தண்ணீர் தேங்குவதற்கு மாணவன் சுயமாகச் சிந்தித்துக் காரணம் கூறுவான். பெற்றோருக்கான செயலியில் எல்லா விளைவுகளையும் ஒரு வாரம் முன்பே போட வேண்டும் என்பது விதி. அதையும் ஒழுங்காகச் செய்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

திருத்த உட்கார்ந்தால் வகுப்பில் பாதிப் பேருடைய சொந்தக் கருத்து ஒரே கருத்து. வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. ‘மேலும்’ என்று தொடங்கும் இடம்கூட ஒன்று. மாடியில் குடியிருப்பவன் தெருவிலும் தரைத்தளத்துக்காரி தெருவிலும் தண்ணீர் ஒரே அழகோடு தேங்கியிருந்தது. ரித்தோவைக் கூப்பிட்டு, இது யாருடைய கருத்து என்று கேட்டேன். அவனுக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது.

“என்னோட சொந்தக் கருத்துதான் மிஸ். போன வாரமே மனப்பாடம் பண்ணிட்டேனே.”

டிசம்பர் குளிர்

ஜனவரி வகுப்புக்கு எந்தப் பாடத்தை எடுப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கிளம்பி வந்து நின்றார். தலை, காது, கழுத்து எல்லாம் மூடி, முகம் மட்டும் தெரியும் மங்கி குல்லா. திருநெல்வேலி வெயிலில் பிறந்த மனுஷர். இந்த ஊரில் டிசம்பர் பிறந்ததும் வங்காளிகள் எல்லோரும் குல்லாவுக்குள் புகுந்துகொள்வார்கள்; இவர் அவர்களுக்கும் இரண்டு நாள் முன்னால். வெளியே குளிர் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, ஃபேனைக்கூட நான் நிறுத்தவில்லை. டிகிரியைப் பாருங்கள் என்று போனைக் காட்டினேன். குல்லாவைச் சரிசெய்தபடி அவர் படியிறங்கினார்.

“குளிர் டிகிரியில இல்ல ஹேமா, டிசம்பர்ல இருக்கு.”

மீன் இல்லாத ஐஸ்

பாடம் கிடைத்துவிட்டது. ஒரே அளவில் இரண்டு ஐஸ்கட்டி. ஒன்றைத் தட்டில் வைப்பது, ஒன்றைக் கம்பளிக் குல்லாவுக்குள் வைப்பது. எது முதலில் கரையும்? கம்பளி தானாகச் சூடு தராது, வெப்பத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். அதனால் தட்டில் இருப்பதுதான் முதலில் கரையும். இதைப் பிள்ளைகள் வகுப்பின் கடைசி ஐந்து நிமிஷத்தில் தாங்களே கண்டுபிடித்து விளக்க வேண்டும் என்பது விளைவு. குல்லாவை சுப்ரோதா கடன் கொடுத்தார், நனையக் கூடாது என்ற நிபந்தனையோடு. குல்லாவுக்குள் நான் எதை வைப்பதாக நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டு ஃப்ரிட்ஜில் உறைந்த கட்டிகளை டப்பாவில் எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். வழியில் ஒரு ஊர்வலம், ஆட்டோ நகரவில்லை. பள்ளி வாசலில் இறங்கித் திறந்தால் டப்பாவில் குடிக்கிற மாதிரி தண்ணீர். வகுப்புக்கு அரை மணி இருந்தது. பக்கத்துச் சந்தையில் மீன்கடைக்கு ஓடினேன். ஜென்மத்தில் மீன் வாங்காதவள், மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, இரண்டு துண்டு ஐஸ் மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரே அளவாக இரண்டு துண்டு உடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார்.

“ஐஸ் வேணாம், மீன் மட்டும் போடுன்னு கேப்பாங்க அக்கா. மீனை விட்டுட்டு ஐஸைக் கேட்டது நீங்கதான்.”

ஒரு நிமிஷத்தில் முடிந்த பாடம்

அர்க்கோ கடைசி பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். நான் குல்லாவை மேஜையில் வைத்தேன். கேள்வியே கேட்கவில்லை, அதற்குள் வகுப்பு முழுக்கக் கைகள். ரித்தோ எழுந்து நின்று, கம்பளி ஓர் அரிதில் கடத்தி, அதன் இழைகளுக்கிடையே காற்று அடைபட்டுள்ளது, எனவே அது வெப்பம் கடப்பதைத் தடுக்கிறது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. செயலி! விளைவை ஒரு வாரம் முன்பே போட்டிருந்தேன், பெற்றோர் அதைக் காட்ட, டியூஷன் சார் சஜஷன் கொடுத்துவிட்டார். கடைசி ஐந்து நிமிஷத்தில் வரவேண்டிய விளைவு முதல் நிமிஷத்திலேயே வந்துவிட்டது. அர்க்கோ ‘எட்டியது’ என்று குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். மீதி நேரத்துக்கு என்னிடம் பாடம் இல்லை. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

வேறு வழியில்லாமல், சரி, இந்த இரண்டில் எது முதலில் கரையும் என்று கேட்டுவைத்தேன். வகுப்பே ஒரே குரலில், குல்லாவில் இருப்பது என்றது. ஏன்? குல்லா சூடாச்சே மிஸ்! அதையும் சத்தமாகச் சொன்னவன் ரித்தோதான். அர்க்கோ தலை நிமிர்ந்தார். குல்லா என்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். கடைசி பெஞ்சில் அவருடைய கையும் பாதி உயர்ந்து, சட்டென்று காதைச் சொறியப் போனது.

ஐஸை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அதற்குள் ஒரே சண்டை. மீன் நாற்றம் அடிக்கும் ஐஸ் ஒழுங்காகக் கரையுமா என்று ஒரு கட்சி, சுப்ரோ சாரின் பழைய குல்லாவில் சூடு தீர்ந்திருக்கும் என்று இன்னொரு கட்சி. மணி அடிக்கும் நேரத்தில் தட்டில் வெறும் தண்ணீர். குல்லாவைப் பிரித்தால் ஐஸ் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. நான் விளக்க வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அர்க்கோ முன்னால் வந்து, இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய் என்று ரித்தோவிடம் கேட்டார். அவன் ஈரக் குல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்ப ஒண்ணும் புரியல சார். கிளாஸுக்கு முன்னாடி நல்லாத் தெரிஞ்சிருந்துது.”

தீர்ப்பு

இரண்டு மாதம் முடிவுக்காகக் காத்திருந்தேன். அர்க்கோ நேர்மையானவர், உள்ளதை எழுதிவிட்டார்: வகுப்பின் தொடக்கத்தில் ‘எட்டியது’, முடிவில் ‘தொடக்கம்’. அவருடைய படிகளில் இப்படிப் பின்னால் இறங்கிய வகுப்பு இதுவரை இல்லையாம். மார்ச்சில் மிஸஸ் தத்தா அழைத்தபோது, எப்படி விடைபெறுவது என்று படியேறும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அழக் கூடாது என்பது மட்டும் திட்டம்.

அவர் அறிக்கையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, ஜனவரி முழுக்க வந்த போன்களைப் பற்றிச் சொன்னார். ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜில் ஐஸே மிஞ்சுவதில்லை. ஒரு வீட்டில் அப்பாவின் குல்லா ஈரம், காலை நடைக்கு அவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு போகிறார். ரித்தோ வீட்டில் நிலைமை இன்னும் மோசம்: குல்லா, கம்பளி சாக்ஸ், அம்மாவின் சால்வை என்று ஒவ்வொன்றாக ஐஸின் மேல் சுற்றிச் சோதித்துக்கொண்டு, டியூஷனுக்கே போகமாட்டேன் என்கிறானாம். மார்க்குக்காக இல்லாமல் ஐஸுக்காகப் பெற்றோர் போன் செய்தது தன் காலத்தில் இதுதான் முதல் தடவை என்றார். எல்லா விளைவையும் ஆகஸ்டிலேயே எட்டிவிட்ட வகுப்புகளிலிருந்து ஒரு போன்கூட வரவில்லையாம். சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார், என் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். திட்டத்தை மீறி எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“உன் கிளாஸ் பசங்களுக்கு இன்னும் ஒண்ணுமே புரியல. இந்த நிலைமையில உன்னை நான் எப்படி வெளியே அனுப்புவேன்?”

ஆகவே சக ஜீவன்களே, இந்தத் தொழிலில் நிலைத்து நிற்க வேண்டுமென்றால், எட்ட வேண்டியதையெல்லாம் பிள்ளைகள் நமக்கு முன்பே எட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.