‘தேவைப்பட்டால்’ என்ற சொல்லை நீக்கியது

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் கணினிகளை நான் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு காலை அலுவலகக் கவுண்டருக்கு ஒரு மாணவி ஹால் டிக்கெட் வாங்க வந்தாள். பெயரை அடித்துத் தேடினால், அப்படி ஒரு மாணவியே இல்லை என்றது கணினி. கிளார்க் மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், ரெண்டு வருஷமா இங்கதான் படிக்கிறேன். மூணு நாள்ல பரீட்சை. என்னைய இல்லைங்குதே” என்றாள்.

முழுப் பட்டியலையும் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். அவள் பெயர் இருந்தது. பட்டியலில் இருக்கிற பெண்ணைத் தேடலில் காணோம். மதியத்துக்குள் அவளைப் போல இன்னும் பல பேர் வந்து நின்றார்கள். எல்லாருடைய பெயரும் ஜ, ஸ, ஹ என்று தொடங்கியது. எங்கள் பேகம்பூர்ப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள்தான் பெரும்பாலும்.

காரணம் நான். முந்தின வாரம் அந்தக் கல்லூரியின் டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியது நான்தான். விவரங்களைச் சேமித்துத் தேடித் தருகிற மென்பொருள் அது. யாருக்கும் சொந்தமில்லாமல், பல நாட்டுக்காரர்கள் கூடி எழுதுவது. பெயர்களை வேகமாகத் தேட, புத்தகத்தின் கடைசியில் இருக்கிற இன்டெக்ஸ் போல அது ஒன்றை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளும். புதிய பதிப்பில் தமிழ் எழுத்துகளின் வரிசை விதி மாறியிருந்தது. ஜ-வும் ஸ-வும் ஹ-வும் வேறு இடத்துக்குப் போய்விட்டன. பழைய வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸில் புதிய வரிசைப்படி தேடினால் எப்படிக் கிடைக்கும்? இன்டெக்ஸை மறுபடி கட்டினேன். சாயங்காலம் எல்லாரும் ஹால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள்.

புதிய பதிப்போடு வருகிற மாற்றக் குறிப்பை, ரிலீஸ் நோட்ஸை, அன்று திரும்ப எடுத்துப் படித்தேன். கிட்டத்தட்டக் கடைசியில் இருந்தது அந்த வாக்கியம். சில மொழிகளில் வரிசை மாறக்கூடும், தேவைப்பட்டால் இன்டெக்ஸ்களை மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னது. முதல் முறையே அதைப் படித்திருந்தேன். நமக்குத் தேவைப்படாது என்று தாண்டிப் போயிருந்தேன்.

சில வருடங்கள் போயின. கல்லூரி வேலையை விட்டு, வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். அதே டேட்டாபேஸின் அடுத்த பெரிய பதிப்பு வரப்போவதாகவும், ரிலீஸ் நோட்ஸின் வரைவைப் படித்து யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம் என்றும் அந்தத் திட்டத்தின் மின்னஞ்சல் குழுவில் அறிவித்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். வரிசை விதிகள் இந்த முறையும் மாறியிருந்தன. அதே வாக்கியம், அதே இடத்தில், ஒரு சொல் மாறாமல் இருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் பயம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். சின்னாளபட்டி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கியவள். வெள்ளைக்காரர்கள் எழுதிய இங்கிலீஷைத் திருத்துவதற்கு நான் யார்?

என் கணவருக்குத் தோல் வியாபாரம். உப்பு போட்ட தோல்களை வாங்கி, தரம் பிரித்து, லாரியில் ஏற்றி அனுப்புகிறவர். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவரிடம் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன்.

“தேவைப்பட்டாலா? யாருக்குத் தேவைப்பட்டா?” என்றார்.

“அதாங்க எனக்கும் புரியல.”

“லாரி டிரைவர்ட்ட ‘தேவைப்பட்டா தார்ப்பாய் போட்டுக்கப்பா’ன்னு சொன்னம்னு வையி, அவன் போடவே மாட்டான். நனைஞ்சு போயி நிக்கும் சரக்கு. ஏத்துன ஒடனே போடுன்னுல்ல சொல்லணும்.” தட்டைப் பார்த்தார். “வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வையி.”

அன்று பிற்பகலே எழுதினேன். அந்த வாக்கியத்தைக் குறிப்பின் தலைப்பகுதிக்குக் கொண்டுவர வேண்டும், ‘தேவைப்பட்டால்’ என்பதை எடுத்துவிட்டு ‘கட்டாயம்’ என்று போட வேண்டும் என்று இரண்டே பத்தி.

மறுநாள் பதில் வந்தது. திட்டத்தின் மூத்த நிரலாளர் ஒருவர், மரியாதையாக மறுத்திருந்தார். வரிசை விதிகளை வேறு ஒரு குழு எழுதுகிறது, நாங்கள் எடுத்துச் சேர்க்கிறோம், அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. எல்லாரையும் கட்டாயம் என்று பயமுறுத்தினால், பெரிய டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் வீணாக மணிக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டிவரும்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. மூன்றாம் நாள் உட்கார்ந்து, கவுண்டரில் நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி எழுதினேன். விதியை யார் எழுதினார்கள் என்று அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் பெயர் இல்லை என்பதுதான் என்று எழுதினேன். அந்தக் குறிப்பைப் படித்தும் தவறு செய்தவள் நானே என்றும் ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆனது.

இந்த முறை அவர் கேட்டது வேறு. யாருக்குப் பாதிப்பு, யாருக்கு இல்லை என்று அவரவரே பார்த்துக்கொள்ளும்படி ஒரு சின்னச் சோதனையை எழுதித் தர முடியுமா?

ஒரு வாரம் பிடித்தது. எங்கள் தெருவில் புழங்குகிற பெயர்களையெல்லாம் அடித்து ஒரு பொய்ப் பட்டியல் தயாரித்தேன். பழைய பதிப்பில் ஏற்றி, புதியதற்கு மாற்றி, எந்த இன்டெக்ஸ் கெடுகிறது என்று காட்டுகிற ஆறு வரியை எழுதினேன். முதலில் எழுதியது எல்லா இன்டெக்ஸையும் கெட்டது என்றது. அடுத்தது ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் சரியாக வந்ததும், நாற்காலியை விட்டு எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் சரியாக வந்தது.

வாக்கியத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து ஐந்து முறை மாற்றினோம். கடைசியில் நின்றது இதுதான்: பதிப்பை மாற்றியதும் கீழுள்ள சோதனையை ஓட்டவும், அது காட்டும் இன்டெக்ஸ்களை, பயன்படுத்துவதற்கு முன் மறுபடி கட்ட வேண்டும். ‘கட்ட வேண்டும்’ என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ‘எல்லாரும் கட்டாயம்’ என்பதை நான் விட்டுக்கொடுத்தேன்.

பதிப்பு வெளியான அன்று மதியம், பக்கத்தைத் திறந்தேன். மாற்றங்களுக்கான பகுதியில் முதல் வரி என் வரி. கீழே, நன்றி சொல்லும் நீண்ட பட்டியலில் என்னைப் பெற்ற அத்தாவின் இனிஷியலோடு என் பெயர். வீட்டில் யாரும் இல்லை. துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு கணவரின் குடோனுக்கு நடந்தேன். அங்கே நான் அதற்கு முன் அநேகமாகப் போனதே இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் பதறிவிட்டார்.

“என்னம்மா, என்னாச்சு?”

போனை நீட்டினேன். உப்புக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். “பொடி எழுத்தா இருக்கு. நீயே வாசி.”

வாசித்து, தமிழிலும் சொன்னேன். தோல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பினார்.

“ஏப்பா, இது எங்க வீட்ல எழுதுனது.”

“இது எந்தூர்ல ஓடும்க்கா?” என்று ஒருவர் கேட்டார்.

“எல்லா ஊர்லயும் ஓடும்ணே” என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. குறைத்துக்கொள்ளவில்லை.