கதிரேசன் எடுத்த லீவு

கதிரேசனுக்கு லீவு என்றாலே ஆகாது. எங்கள் நகர மன்றத்தில் பராமரிப்பு வேலைகளை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர்கள் அனுப்பும் பில்களுக்குக் கடைசிக் கையெழுத்து அவருடையது. காய்ச்சலோடும் வந்து உட்காருவார். மேலதிகாரிகள் மெச்சிக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அவரைக் காட்டித்தானே எங்கள் லீவை வெட்டினார்கள்!

இந்த ஆண்டு புது விதி வந்தது. பணம் பட்டுவாடா செய்கிறவர்கள் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் விடுப்பில் போயாக வேண்டும். அந்த நாட்களில் இன்னொருவர் அவர்கள் வேலையைப் பார்ப்பார். தப்பு ஏதும் இருந்தால் அப்போது தெரிந்துவிடுமாம்.

"என்னைச் சந்தேகப்படுறாங்களா?" என்று கேட்டார் கதிரேசன்.

"எல்லாருக்கும்தான் அண்ணே. ஜாலியா இருங்க லா," என்றாள் அஃப்ரீன். அவர் வேலையைப் பார்க்கப் போகிறவள் அவள்தான்.

அவரும் போனார். ஃபேரர் பார்க்கில் கடை கடையாக மனைவி தங்கத்தின் பின்னால் நடந்ததாகக் கேள்வி.

அஃப்ரீனுக்குக் கண்ணால் பார்க்காமல் கை ஓடாது. தோ பாயோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு புளோக்கின் நடைபாதை விளக்குப் பராமரிப்புக்குப் பில் வந்திருந்தது. நேரிலேயே போய்ப் பார்த்தாள். அங்கே தகர வேலியும் பாரந்தூக்கியும்தான் இருந்தன. மறுமேம்பாட்டுக்காகப் புளோக்கை எப்போதோ இடித்துவிட்டார்கள். பில் மட்டும் மாதம் தவறாமல் வந்திருக்கிறது, பணமும் போயிருக்கிறது.

குத்தகைக்காரன் மேல் போலீஸில் புகார் கொடுத்தார்கள். கதிரேசன் பங்கு வாங்கினாரா என்று துருவிப் பார்த்ததில் ஒரு காசும் அகப்படவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் வேலை நிலைக்குமா என்பது விசாரணையில் அவர் சொல்லும் பதிலைப் பொறுத்தது. வாக்குமூலம் தட்டச்சு செய்ய என்னை உட்கார வைத்தார்கள்.

"அந்த புளோக்கை இடிச்சது உங்களுக்குத் தெரியாதா?" என்றார் விசாரணை அதிகாரி.

தெரியாது என்று சொல்லித் தொலையுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"தெரியும் சார். நாங்க அங்கதான் குடியிருந்தோம். சாவியைக் கொடுத்துட்டு வந்தப்ப தங்கம் ரொம்ப அழுதா."

"அப்புறம் எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"பில் வந்தா போட்டுருவேன் சார்."

குரலில் பயமில்லை, வெட்கமுமில்லை. பஸ் நம்பர் சொல்வதுபோல் சொன்னார். திருடனாக இருந்திருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பார்.

வாக்குமூலத்தை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நல்லாப் படிச்சுப் பாருங்கண்ணே. தப்பா இருந்தா மாத்திடலாம்."

நான் சொல்லி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.