டாலர் எஸ்ஸா, பிறை எஸ்ஸா?

தயீசியா புரோகரவ்னாவுக்கு வாய் நீளம். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த வாயை வைத்துத்தான் பிழைத்தாள். வ்யாத்கா நகரத்தில் ரோமக் கோட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ், ஊர்ப் பொதுக்கூடமான கலாசார மாளிகையில் ஒரே நாள் விற்பனை, மறுநாள் அடுத்த ஊர். "இது முயல்தானே?" என்று எந்தப் பெண்ணாவது மூக்கைச் சுளித்தால் போதும். "முயல்தாம்மா. உன் வீட்டுக்காரன் சம்பளத்துக்கு முயலாவது துள்ளி வந்துச்சேன்னு சந்தோஷப்படு" என்பாள். கூட்டம் சிரிக்கும், அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே கோட்டை வாங்கிப் போவாள்.

அதே வாய்தான் நெல்லியைத் துரத்தியது. ஒரே மகள். நார்வேக்காரன் ஒருவனோடு, கப்பலில் என்ஜின் பார்க்கிறவனாம், வடக்கே ஏதோ மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட்டாள். அங்கே போய்ச் சேர்ந்து ஊரின் பெயரைத் தொலைபேசியில் சொன்னபோது தயீசியா குறித்துக்கொள்ளவில்லை. கோபத்தில் இருக்கிறவள் பென்சில் தேடுவாளா?

"தப்புன்னு தோணுச்சுன்னா நீயே எழுது. நான் முதல்ல எழுதமாட்டேன்" என்றாள்.

"எங்கேம்மா எழுதறது? நீ வீட்டுலயா இருக்கே?"

"இப்பதான் எல்லா ஊர் தபாலாபீஸ்லயும் இன்டர்நெட் வந்தாச்சே. என் பேரு, அப்புறம் நாய்..."

மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் @ சுழிக்கு நம் ஊரில் நாய் என்றுதான் பெயர். சுருண்டு படுத்திருக்கிறதாம். நாய்க்குப் பின்னால் வருவதையும் சொல்லி முடித்தாள் தயீசியா. நெல்லி "சரிம்மா" என்றாள். அந்த "சரிம்மா"வோடு பேச்சு முடிந்தது.

அதன்பிறகு எந்த ஊரில் வேன் நின்றாலும் கோட்டுகளை இறக்கியதும் முதல் வேலை தபாலாபீஸ்தான். ஷார்யா, காலிச், மகார்யெவ் எங்கேயும் ஒரே மாதிரி கூடம். நனைந்த பூட்ஸ் வாசனை, வெளியூருக்குப் பேச வரிசையாகக் கூண்டுகள், மூலையில் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். காசை முன்னாலேயே கட்ட வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக அது கீச்சிட்டு, முனகி, தொடர்பு கிடைப்பதற்குள் கட்டிய காசில் பாதி கரைந்துவிடும். தயீசியா ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டுவாள். அருகில் யாரையும் நிற்க விடமாட்டாள். திறந்து பார்த்தால் உடம்பு இளைக்க மாத்திரை, மலிவு விலையில் டயர் என்று விளம்பரங்கள்தான். மகளிடமிருந்து ஒன்றுமில்லை.

வேன் ஓட்டுகிற யெஃபீம் கேட்பான்: "நாய் குரைச்சுதா?"

"உன் வேலையைப் பாரு."

முதல் வருஷம் கோபமாகப் போய்ப் பார்த்தாள். இரண்டாம் வருஷம் பயத்தோடு பார்த்தாள். அப்புறம் கோபமும் இல்லை. மகளை எப்போதோ மன்னித்துவிட்டாள், தானும் தப்பாகப் பேசினோம் என்று ஒப்புக்கொள்ளவும் மனதளவில் தயாராகிவிட்டாள். ஆனால் ஒப்புக்கொள்ள எங்கே போவது? ஊர் தெரியாது, எண் தெரியாது. அவளிடமிருந்து ஒரு வரி வந்தால்தான் உண்டு. வீறாப்பு பேசுகிறவர்கள் கதவைச் சாத்தும்போது சாவியையும் வெளியே எறிந்துவிடுகிறார்கள்.

அந்தப் பிப்ரவரியில் வேன் கதவில் வலது கை நசுங்கிவிட்டது. இடது கை குளிரில் விறைத்துக் கிடந்தது. ஒரு சின்ன ஊர்த் தபாலாபீஸ். முதல்முறையாக அவள் வேறு ஒருத்தியைத் தட்டச் சொன்னாள். கவுன்டரில் இருந்த அலெவ்தினா முப்பது வயதுக்காரி, சூரியகாந்தி விதை கொறிக்கிறவள். எல்லாரையும் போல அவளும் தயீசியாவைத் தாயா அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"சொல்லுங்க தாயா அத்தை. நாய்க்கு முன்னாடி என்ன?"

"என் பேரு. தயீசியா."

பெயரையும், தயீசியா காதோடு சொன்ன கடவுச்சொல்லையும் அலெவ்தினா தட்டினாள். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி தட்டினாள். மறுபடியும் தவறு.

"கடவுச்சொல்லை மறந்துட்டீங்களா?"

"மறக்கறதா? என் மக பேரு. தினம் நூறு தடவை சொல்றேன். நீ என் பேரை ஒழுங்கா அடிச்சியா?"

"அதான் அடிச்சிருக்கேனே. எஸ், டாலர் மாதிரி வளைஞ்சது."

"டாலரா? டாலர் எதுக்கு? சாதாரண எஸ் போடு. பிறை மாதிரி இருக்குமே, நம்ம எஸ்."

அலெவ்தினா விதையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "ஐயோ அத்தை! பிறை நம்ம ருஷ்ய எழுத்துலதான் எஸ்ஸு. இங்கிலீஷ் எழுத்துல அது சி. உங்க பேரை எவ தப்பா எழுதிக் கொடுத்தது?"

"முதமுதல்ல பெட்டி தொடங்கினப்ப நான்தான் காகிதத்துல எழுதி நீட்டினேன். தபாலாபீஸ்காரி பார்த்து அப்படியே அடிச்சா."

தயீசியாவும் சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அலெவ்தினா பிறையைப் போட்டதும் பெட்டி திறந்தது. மாத்திரை, டயர். அப்போதுதான் தயீசியாவின் சிரிப்பு நின்றது.

"அலெவ்தினா, என் மக படிச்சவ. அவ எந்த எஸ் போட்டிருப்பா?"

அலெவ்தினா டாலர் எஸ்ஸை மறுபடி தட்டிக் காட்டினாள். கடவுச்சொல் தவறு என்றது.

அப்படியானால் டாலர் எஸ் தயீசியா என்று வேறு யாரோ ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கே எழுதினார்கள். என் மகள் நெல்லியின் கடிதங்கள் தவறி உங்களிடம் வந்திருந்தால், தயவுசெய்து அனுப்பி வையுங்கள் என்று. அன்று விற்பனையில் தயீசியா யாரையும் கிண்டல் செய்யவில்லை. கோட்டும் அவ்வளவாக விற்கவில்லை. மறுநாள் காலை, கிளம்ப வேண்டிய வேனை நிறுத்திவைத்தாள். யெஃபீம் என்ஜினை அணைத்தான். அவன் அவளோடு இத்தனை காலம் சுற்றியவன்.

பதில் வந்திருந்தது. தயீசியா தானே படித்தாள்.

ஓம்ஸ்கில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிற பெண் எழுதியிருந்தாள். கடிதங்கள் வந்தது உண்மைதான். முதல் கடிதத்துக்கே பதில் போட்டேன். 'நான் உங்கள் அம்மா இல்லை. இனி எனக்கு எழுதாதீர்கள்' என்று. முகவரி தவறு என்று புரிந்துகொள்வார் என நினைத்தேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை. குழந்தை பிறந்திருக்கிறது, பெண், கத்துகிற கத்தலைக் கேட்டால் உன் ஞாபகம்தான் வருகிறது அம்மா, கோபம் தீரட்டும், காத்திருக்கிறேன் என்றெல்லாம் எழுதினார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். கடைசியாக ஒன்று வந்தது. 'எழுதாதீர்கள் என்று சொன்னாய். இனிமேல் எழுதவில்லை' என்று. பெட்டி நிறைந்துபோனதால் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அவர் முகவரி என்னிடம் இல்லை. என்னை மன்னியுங்கள்.

அலெவ்தினா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "இதென்ன அத்தை, யாரோ 'நீங்க, வாங்க'ன்னு மரியாதையா எழுதினதைப் பார்த்துட்டு உங்க மக எப்படி நீங்கதான்னு நம்பினா? பெத்தவ மகளை 'நீங்க'ன்னா சொல்வா?"

"நான் சொல்லுவேன்" என்றாள் தயீசியா. "கோவம் முத்திப்போச்சுன்னா அவளை 'நீங்க'ன்னுதான் கூப்பிடுவேன். சின்னப் பிள்ளையிலேருந்தே. அடிச்சாக்கூட அழமாட்டா. அதுக்கு மட்டும் அழுவா."

வெளியே வேன் ஒருமுறை ஹார்ன் அடித்து அடங்கியது. தயீசியாவுக்கு அழுகை வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நசுங்கிய கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நாற்காலியை நகர்த்தி அலெவ்தினாவுக்கு இடம் விட்டாள்.

"நீ அடி. நான் சொல்றேன்."

"சொல்லுங்க."

"நெல்லி, அது நான் எழுதினது இல்லடி. உன் அம்மா நான்தான். 'நீ'ன்னே போடு. எல்லா இடத்துலயும் 'நீ'ன்னே போடு."

அலெவ்தினா அடித்தாள். ஒவ்வொரு 'நீ'யையும் தயீசியா திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அலெவ்தினா மேலே காலியாக இருந்த கட்டத்துக்குப் போனாள். விசைப்பலகை மேல் கை அப்படியே நின்றது.

"தாயா அத்தை," என்றாள் மெதுவாக, "எங்கே அனுப்பறது?"