சத்தம் நின்றால் ரிவி இல்லை

செபமாலைமுத்து யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். எண்பத்தைந்தாம் ஆண்டில் லண்டனுக்கு வந்து, பார்க்கிங் என்ற பகுதியில் பெற்றோல் நிரப்பும் ஒரு செட்டில் ஷிப்ட் வேலை செய்தார். கண்ணில் அழுத்தம் கூடி முதலில் ஓரங்கள் மங்கின, பிறகு நடுவும் போயிற்று. வேலையை விட்டபோது வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும்தான் பிரித்தறிய முடிந்தது.

மனைவி மேரிறோஸ் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போனபின், லண்டனின் மோர்டன் பகுதியில் இருந்த வீட்டில் அவருக்குத் துணை தொலைக்காட்சிதான். எந்தச் சனல் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பொத்தானை அமத்தியதும் காதில் விழும் முதல் சத்தமே போதும். செய்தி வாசிப்பவரின் குரலோ, மைதானத்தின் இரைச்சலோ, அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். விளம்பரம் வந்தால் உடனே அடுத்ததற்குத் தாவுவார்.

தொண்ணூற்றொன்பதில் பழைய பெட்டி பழுதாகிவிட, மேரிறோஸ் புதிய டிஜிட்டல் தொலைக்காட்சி ஒன்றை வாங்கினார். தொல்லை அன்றே தொடங்கியது. பொத்தானை அமத்தினால் சத்தம் நின்றுவிடும், வேறொன்றும் கேட்காது. வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி அமத்துவார். வேண்டிய சனலைத் தாண்டி எங்கோ போய் நிற்கும். கொஞ்ச நாளில் அவர் றிமோட்டைத் தொடுவதையே விட்டுவிட்டார். ஒருநாள் மேரிறோஸ் வேலையால் வந்தபோது, காலையில் தான் போட்டுவிட்டுப் போன சனலே ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தரைவிரிப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். செபமாலைமுத்து அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மேரிறோஸுக்கு மனம் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டு வைத்தியநாதன் தமிழ்நாட்டுக்காரர், இஞ்சினியர். சனிக்கிழமை வந்து பார்த்தார். பற்றறியை மாற்றினார். சுவர்ச் சுவிட்சை நிறுத்திப் போட்டார். ஏரியல் வயரைக் கழற்றி இறுக்கினார். எல்லாச் சனல்களையும் திரும்பத் தேடவிட்டார். எதனாலும் வேகம் கூடவில்லை.

"பெட்டியில ஒரு கோளாறும் இல்லண்ணா. டிஜிட்டல்னாலே மாற ரெண்டு மூணு செகண்ட் எடுக்கும். அதுவரைக்கும் திரையில எழுத்து வரும்…" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

செபமாலைமுத்து கோபிக்கவில்லை.

"உங்களுக்கு எழுத்து வரும் தம்பி. எனக்குச் சத்தம் நிண்டால் ரிவியே இல்லை. கதைச்சுக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் எழும்பிப் போன மாதிரிக் கிடக்கும்."

வைத்தியநாதன் றிமோட்டை வாங்கி, தன் கண்ணை மூடிக்கொண்டு அமத்திப் பார்த்தார். அந்த அமைதியில் அவருடைய விரலும் தானாக மறுபடி அமத்தியது. மெல்லச் சிரித்துவிட்டு, பெட்டியின் மெனுவுக்குள் போய்த் தேடத் தொடங்கினார்.

பழைய முறையில் வரும் ஒளிபரப்பையும் அதே ஏரியலில் அந்தப் பெட்டியால் எடுக்க முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஐந்து சனல்கள்தான், ஆனால் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டியை அதற்கு மாற்றி, றிமோட்டை அவர் கையில் கொடுத்தார்.

அமத்தியவுடன் குரல் கேட்டது. மறுபடி அமத்தினார். பாட்டு. மூன்றாவதில் செபமாலைமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது.

புதுச் சனல்களுக்குப் போகும் பொத்தானில் வைத்தியநாதன் விரலுக்குத் தட்டுப்படும்படி சின்னதாக ஒரு பிளாஸ்ரர் துண்டை ஒட்டினார். அங்கே போனால் ஒருமுறை அமத்திவிட்டு, ஒரு வாய் தேநீர் குடிக்கும் நேரம் பொறுக்கச் சொன்னார்.

"அது ஏலும்," என்றார் செபமாலைமுத்து.

அன்று மாலை மேரிறோஸ் ஒரு நாடகம் பார்க்க உட்கார்ந்தார். செபமாலைமுத்துவோ ஐந்து சனலையும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை கலியாணத்துக்கு ஓமெண்டதோ இல்லையோ எண்டு பாக்க விடுங்கோவன்."

"ஓம், ஓம்," என்றபடியே அடுத்ததை அமத்தினார். அவர் ஆசை தீர மாற்றட்டும் என்று மேரிறோஸ் எழுந்து போய் இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.